உஷ்ண பூமியில் கால்சட்டை

பெங்களூரிலிருந்து சென்னைக்கு இறங்கும் இரயில் பாதை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மேட்டு நிலத்தை விட்டு, பங்காருப்பேட்டையையும் குப்பத்தையும் கடந்து, மலைச்சரிவின் வழியாக ஜோலார்பேட்டைக்கு வந்து சேருகிறது. 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பிரயாணம் செய்கிறவர்களைச் சற்றே கவனித்தால், குப்பம் வரையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்கள், ஜோலார்பேட்டை நெருங்க நெருங்க, இருக்கையில் ஒட்டிக்கொண்ட தொடைகளை மாற்றி மாற்றித் தூக்கி உட்காருவதும், முழங்காலில் படிந்த துணியை இரண்டு விரல்களால் பற்றி இழுத்துவிடுவதும், பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொள்வதுமாக இருப்பது தெரியும். மேட்டில் யாதொரு குற்றமும் சொல்ல முடியாதிருந்த பேண்ட், இரண்டொரு மணி நேரத்தில் சகிக்க முடியாததாகிவிடுகிறது. ஆகையால், வெயில் காலத்துக்கு ஏற்ற கால்சட்டை எது என்ற கேள்விக்கு ஊரைக் குறிப்பிடாமல் விடை கூற முயல்வது வியர்த்தம் என்பது என் அபிப்பிராயம். இங்கே நான் மனத்தில் கொண்டிருப்பது ஜோலார்பேட்டையில் தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் வரையில் நீளும் தோல் தொழில் பிரதேசம். நீரில்லாத ஆறும் மரமில்லாத மலையும் உடையது என்று வேலூரைப் பரிகாசம் செய்வார்களே, அந்தப் பூமி. பகலெல்லாம் வெயிலை வாங்கிய பாறைக்குன்றுகள் இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கின்றன. வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலைப் பத்திரிகைகள் வெளியிடும் நாட்களில், வேலூரும் திருப்பத்தூரும் அதில் இடம்பெறாமல் போவது அபூர்வம்.

இப்பிரதேசத்து ஜவுளிக் கடைகளில் சில வருஷங்களாகக் கோடை தோறும் ‘லைட் வெயிட்’ என்ற பெயரில் பேண்ட்டுகள் விற்பனையாகின்றன. வாங்க வருகிறவர் செய்யும் பரீட்சை பெரும்பாலும் ஒன்றேதான்: பேண்ட்டைக் கையில் ஏந்திக் கனமில்லை என்று திருப்தியடைகிறார், துணியைத் தடவி மிருதுவாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார், கண்ணாடி முன் நின்று மடிப்புக் கலையாமல் விழுகிறது என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறார். இந்தப் பரீட்சை நடப்பது குளிர்சாதனம் ஓடும் கடைக்குள் என்பதும், பேண்ட் உழைக்கப்போவது வெளியே என்பதும் அவருக்குத் தோன்றுவதில்லை. கனமின்மை ஒரு குணம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் ஸ்தானம் காற்றோட்டத்திற்கும், இரண்டாவது ஸ்தானம் ஈரத்தை ஏற்கும் சக்திக்கும் உரியவை. எடை மூன்றாவதாகத்தான் வரத் தக்கது. இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருப்பதே இன்றைய வழக்கத்தின் பிரதான தோஷம்.

காரணத்தைச் சரீர சாஸ்திரத்திலிருந்து சொல்ல வேண்டும். மனிதத் தோலின் உஷ்ணம் சாதாரணமாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையில் இருக்கும். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை தேகம் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட முடியும். காற்றே 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் கொடுக்கல் வாங்கலின் திசை மாறி, சூடு வெளியிலிருந்து உள்ளே வரத் தொடங்குகிறது. அந்நிலையில் நமக்கு மிஞ்சும் உபாயம் வியர்வை ஆவியாவது ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. வழிந்து சொட்டும் வியர்வையாலும், துணிக்கும் தோலுக்கும் நடுவே பசைபோல் நிற்கும் வியர்வையாலும் இந்தப் பிரயோஜனம் கிடையாது. ஆகவே கோடை உடையின் தர்மம், வியர்வை ஆவியாவதற்குக் குறுக்கே நிற்காமலிருப்பது.

இதை வைத்துப் பார்த்தால் நூலிழைகளின் யோக்கியதை ஒருவாறு விளங்கும். 65 சதவிகித ஈரப்பதமுள்ள காற்றில் வைக்கப்பட்ட பருத்தி, தன் உலர்ந்த எடையில் சுமார் 8.5 சதவிகித ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது, லினன் 12 சதவிகிதம் வரையில் ஏற்கிறது, மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயான் அதற்குச் சமமாகவோ கொஞ்சம் மிகையாகவோ ஏற்கிறது, பாலியெஸ்டரோ 0.4 சதவிகிதத்தோடு நின்றுவிடுகிறது. கடையில் கையில் ஏந்தியபோது பஞ்சாய் இருந்த மெல்லிய பாலியெஸ்டர் பேண்ட், பிற்பகல் இரண்டு மணிக்கு ஜோலார்பேட்டைப் பிளாட்பாரத்தில் தொடையோடு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். எடையில் அதைவிட ஒன்றரைப் பங்கு அதிகமான பருத்திப் பேண்ட் அங்கே அதைவிடச் சுகமாக இருக்கும்.

ஆயினும் பருத்தியை அளவுக்கு மீறிப் புகழ்வதும் நியாயமாகாது. பருத்தி ஈரத்தை வாங்கும். வாங்கியதை எளிதில் விடாது. கடற்கரையோரச் சென்னையில், காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, நனைந்த பருத்திப் பேண்ட் நனைந்தபடியே மாலை வரையில் காலைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் உலர்ந்த வெயில். இங்கே பருத்தி குடித்த வியர்வையைக் காற்று விரைவில் குடித்துவிடுகிறது. அதே பருத்தி ஆவணி, புரட்டாசியின் புழுக்கத்தில் இந்த ஊரிலேயே நல்ல பெயரை இழந்துவிடும். ரேயான் மெத்தென்றிருக்கும், ஆனால் நனைந்தால் பலம் குன்றுவது அதன் சுபாவம், கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் அது நெடுங்காலம் நிலைக்காது. லினன் குணத்தில் உயர்ந்தது, ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தால் அதில் விழும் கசங்கல்களைக் கண்டு, மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று அஞ்சுகிற உத்தியோகஸ்தருக்கு அது உதவாது, விலையும் கூட.

இந்தப் பிரதேசத்தில் பருத்திக்கு இன்னுமொரு சத்துரு உண்டு, அது தண்ணீர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் எவ்வளவு கெடுத்தது என்பது 1996ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பின் மூலம் தேசமே அறிந்த விஷயம். உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த நீரில் சோப்பிட்டுத் துவைக்கப்படும் பருத்தி, சில மாதங்களில் மிருதுத்தன்மையை இழந்து விறைத்துப்போகிறது. பாலியெஸ்டர் இந்தத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆகையால், ‘பருத்தியே உடுத்துங்கள்’ என்று பெரு நகரத்திலிருந்து உபதேசம் செய்கிறவர்கள், ஆம்பூரில் ஒரு குடும்பம் பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை அறியாமை என்று இகழ்வது அழகல்ல. சீக்கிரம் உலர்வது, இஸ்திரி வேண்டாதது, இரண்டு மூன்று வருஷம் சாயம் போகாமல் உழைப்பது என்ற மூன்றும் ஏழை வீட்டில் அற்பமான நன்மைகள் அல்ல.

இழையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், தையல்தான் பெரிய விஷயம் என்று நான் கருதுகிறேன். 1980ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சினாய்ப் பாலைவனத்துப் பெதூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்தவர்கள், கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட மிகுதியாக வெயிலை வாங்கினாலும், இரண்டிலும் தோலை எட்டும் உஷ்ணம் ஏறக்குறைய ஒன்றே என்று கண்டார்கள். அங்கி தொளதொளப்பாக இருப்பதால், வாங்கிய சூட்டை உள்ளே ஓடும் காற்று தோலைச் சேருமுன் வெளியே கொண்டுபோய்விடுகிறது. நிறத்துக்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவம் தொளதொளப்புக்கே உரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இன்றைய ஆயத்த பேண்ட்டுகளோ, துணியை மெல்லியதாக்கிவிட்டு, அந்தத் துணியையே தொடையோடும் கெண்டைக்காலோடும் இறுகப் பிடிக்கும்படி தைத்து, நீட்சிக்காக எலாஸ்டேன் இழையையும் கலந்துவிடுகின்றன. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கும் காரியம் இது. பழைய தையற்காரர்கள் இடுப்பில் இரண்டு ப்ளீட் வைத்து, தொடையிலும் முட்டியிலும் இரண்டங்குல லூஸ் விட்டு, துணி சுருங்கும் என்று தெரிந்து முன்கூட்டியே நனைத்து உலர்த்தித் தைத்தார்கள். அதைக் கிழவர் பேண்ட் என்று இப்போது சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் அக்னி நட்சத்திரத்தில் அதை ஒரு நாள் அணிந்து பார்க்கலாம்.

பேண்ட்டில் கவனிக்கப்படாத இரண்டு ஸ்தலங்கள் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும். மெல்லிய துணியில் தைத்த பேண்ட்டிலும், பட்டிக்குள் விறைப்பான உட்துணியை வைத்து, அதன்மேல் தோல் பெல்ட்டை இறுக்குகையில், அவ்விடத்தில் நான்கைந்து அடுக்குகள் சேர்ந்துவிடுகின்றன. வேர்க்குரு முதலில் இடுப்பைச் சுற்றி அரும்புவதில் ஆச்சரியமில்லை. பாக்கெட் துணி பெரும்பாலும் மட்டமான பாலியெஸ்டர். அதில் கைப்பேசியும் பர்ஸும் சேர்ந்தால் தொடையில் ஒரு சிறிய அடுப்பு. வெளிர் நிறத்து மெல்லிய துணி உள்ளாடையைக் காட்டிக்கொடுக்கிறதே என்று லைனிங் சேர்ப்பவர்கள், கனத்தைக் குறைக்கப் போய் இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

ஜீன்ஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 14 அவுன்ஸ் டெனிம் என்பது சதுர மீட்டருக்கு 475 கிராம் எடையுள்ள துணி. கோடைப் பேண்ட்டுத் துணியின் எடை சாதாரணமாக அதில் பாதிக்கும் கீழே. பத்து, பதினைந்து வருஷங்களாக நாடெங்கும் பரவிவரும் படர்தாமரைக்குக் கண்ட களிம்பையும் வாங்கித் தடவாதீர்கள் என்று எச்சரிக்கும் சரும வைத்தியர்கள், அதே மூச்சில் இறுக்கமான ஜீன்ஸையும் விட்டொழிக்கச் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு நோயை முற்றவைக்கிறது. ஜீன்ஸ் அதற்கு இடம் அமைத்துக் கொடுக்கிறது.

இத்தனை தொல்லைக்கு வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டால் தீர்ந்தது என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. அந்தக் கட்சிக்கு இந்தப் பிரதேசத்தில் பலமும் உண்டு, ஏனெனில் கைலிக்குப் பேர்போன குடியாத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. காற்றோட்டம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் லுங்கியை வெல்லக்கூடிய பேண்ட் இன்னும் தைக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விட மறுத்ததை அடுத்து, 2014ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு சட்டசபை சட்டம் இயற்றி அவ்வித மறுப்பைக் குற்றமாக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டில் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உத்தரவும் பேண்ட்டோடு வேட்டியையும் அனுமதித்தது. கௌரவப் பிரச்சினை அவ்வளவில் ஓரளவு தீர்ந்தது. தீராதது இயந்திரப் பிரச்சினை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நெருங்கிப் பார்க்க வேண்டிய தொழிலாளி உடலை ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்றும், அவ்வுடையை முதலாளியே தர வேண்டும் என்றும் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் 22ஆம் பிரிவில் விதித்தது. சுழலும் டிரம்முக்கும் பெல்ட்டுக்கும் அருகில் நிற்பவனுக்கு, லுங்கியின் தளர்ந்த முனை காற்று வாங்கும் வசதி மட்டுமன்று, பிராண அபாயமும்கூட. தொளதொளப்பைப் போற்றிய நான் இங்கே அந்த வாதத்துக்கு ஓர் எல்லை இருப்பதை ஏற்கத்தான் வேண்டும்: இடுப்பிலும் தொடையிலும் தாராளமும், கணுக்காலில் மட்டும் அடக்கமும் உள்ள, பைஜாமாவுக்கும் பேண்ட்டுக்கும் இடைப்பட்ட ஒரு வெட்டு, இயந்திரத்துக்கும் வெயிலுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும்.

ஷூ கம்பெனிகளில் தையல் மிஷின்களுக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதால், கால்சட்டையை ஆண்களின் விவகாரமாக மட்டும் பேசி முடிப்பது முறையன்று. பெண்களின் உடையில்தான் இந்தப் பிரச்சினையின் இரண்டு கோடிகளும் தென்படுகின்றன. ஒரு கோடியில் தோலாகவே ஒட்டிக்கொள்ளும் லெக்கிங்ஸ். பருத்தி கலந்ததாயினும் காற்றுக்கு இடமின்றி இறுக்குவது. மறு கோடியில் பலாஸோ. அகன்ற காலும் மெல்லிய ரேயானும் நாடா இடுப்புமாக, உஷ்ண தேசத்துக்கென்றே யோசித்துச் செய்ததுபோல் அமைந்திருப்பது. அமைப்பில் பலாஸோவுக்கு முதல் மார்க் கொடுப்பேன். ஆனால் அதன் பரந்த விளிம்பு ஸ்கூட்டர் சக்கரத்தையும் கம்பெனி பஸ்ஸின் படியையும் தேடிப்போகிறது. லெக்கிங்ஸ், பலாஸோ இரண்டிலும் உருப்படியான பாக்கெட் இருப்பதில்லை என்பது வேறு கதை.

வெளிநாட்டாருக்கு இதில் நம்மைவிட அதிக விவேகம் இருந்திருக்கிறது என்று சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். 1950, 60களில் அமெரிக்கர்கள் தங்கள் கோடைக்காக விரும்பி அணிந்த சட்டைகளும் கால்சட்டைகளும் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி. துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று கலப்பதையே அதன் பெருமையாக்கி விற்றார்கள். 2005ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம், அலுவலகங்களில் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, அதற்கு இசைவாகக் கோட்டையும் டையையும் விட்டுவிடும்படி உத்தியோகஸ்தர்களைத் தூண்டியது. உடையைத் தட்பவெப்பத்துக்கு இணங்கச் செய்வது ஓர் அரசாங்கக் காரியமாகவும் இருக்கலாம் என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள். குளிர்தேசத்துக் கால்களுக்காக ஷூ தைத்து அனுப்பும் நம் ஊர்களில், வாசலில் நின்று வெயிலை முழுமையாக ஏற்கும் காவலாளிக்குக் கருநீலப் பாலியெஸ்டர் பேண்ட்டும் இறுக்கமான பெல்ட்டுமே இன்னும் சீருடை.

சொந்தமாகப் பேண்ட் வாங்குகிறவருக்கு யோசனை சொல்வது எளிது: துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கட்டும், லேபிளில் பருத்தியின் சதவிகிதத்தைப் படிக்கட்டும், அணிந்து பார்க்கும் அறையில் கண்ணாடியைப் பாராமல் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். சீருடை அணிகிறவருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அவருடைய பேண்ட்டை வேறொருவர் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்குகிறார். கொள்முதல் உத்தரவில் இழையின் விகிதம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், தொடையில் எவ்வளவு லூஸ் என்று மூன்று விவரங்களைச் சேர்த்தெழுதினால் பாதிக் குறை நீங்கும். செலவு கூடும் என்ற ஆட்சேபம் உண்மையானதே. பருத்தி மிகுந்த சீருடை சீக்கிரம் நைந்துபோவதால், ஆள் ஒன்றுக்கு வருஷத்துக்கு இரண்டு ஜதை கொடுத்த கம்பெனி மூன்றாவது ஜதையும் கொடுக்க வேண்டிவரும். அந்த மூன்றாவது ஜதையின் விலையை முதலாளி தன் கணக்கில் எழுத வேண்டுமேயன்றி, தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.