இரவல் கண்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறியவர்களுக்கு ராடாரின் முதற்பாடம் தெரியும். உச்சியிலுள்ள கோபுரத்தடியில் நின்றால் தாழ்நிலம் விரிந்து கிடக்கும். சற்று இறங்கி ஒரு வளைவு திரும்பினால் எதிரே மலைதான். ராடார் அலையும் ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. 10 மீற்றர் உயரத்தில் சுழலும் அன்ரெனாவுக்கு, 100 மீற்றர் உயரத்தில் வரும் விமானம் ஏறத்தாழ 54 கிலோமீற்றருக்குள் வந்த பிறகே தென்படும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சிறுவிமானமென்றால், கையிலிருப்பது கால் மணிநேரம்.

எங்கள் மாத்தளை மாவட்டத்துக்கு இக்கருவி புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் சிகிரியா ஓடுபாதையிலிருந்து பிரித்தானியரின் ராடார் பொருத்திய லிபரேட்டர் விமானங்கள் கடற்காவலுக்குப் பறந்தன. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்புக்கு ராடார் எச்சரிக்கை கிட்டவில்லை. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை ராடாரோ யப்பானிய விமானங்களைத் தொலைவிலேயே கண்டுவிட்டது. கருவி, உதிரிப்பாகம், இயக்குநர் எல்லாம் ஒரே பேரரசின் சொத்தாக இருந்த காலம் அது. பழுதானால் யாரைக் கேட்பது என்ற கேள்வியே எழவில்லை.

சுதந்திர நாட்டுக்கு அந்தக் கேள்விதான் முதலாவது. இந்தியா கொடுத்த இந்திரா ராடார்களின் கதையில் அதைப் பார்க்கலாம். 2007 மார்ச் 26 நள்ளிரவுக்குப் பின் விடுதலைப் புலிகளின் சிறுவிமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. இந்திரா இருபரிமாண ராடார். தொலைவையும் திசையையும் சொல்லும், உயரத்தைச் சொல்லாது என்று தாக்குதலுக்குப் பின் இலங்கைத் தரப்புக் குறைபட்டது. முப்பரிமாண ராடார் கதிரின் ஏற்றக்கோணத்தையும் அளந்து உயரத்தைக் கணக்கிடும். நியாயமான குறைதான், ஆனால் அளவுக்கு மீறிப் பேசப்பட்டது என்பேன். தாழப் பறப்பதைத் தரையின் எதிரொலியிலிருந்து பிரித்தறியவே டொப்ளர் முறையில் இந்திரா வடிவமைக்கப்பட்டது. உயரம் தெரிந்தாலும், இருளில் எழுந்து துரத்தும் விமானம் இல்லாவிட்டால் அந்தத் தகவலை வைத்து என்ன செய்வது?

கொழும்பு சீனாவின் ஜேவை-11 முப்பரிமாண ராடாரை நாடியது. அதே ஆண்டில் இந்தியத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், இலங்கை ஆயுதத்துக்குச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகக்கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார். கண் கொடுத்தவர், எங்கே பார்க்கலாம் என்றும் சொல்வார்.

இரவல் முறைக்கு நன்மை இல்லாமலில்லை. அந்நியச் செலாவணி போகாது. கருவி விரைவில் வரும். பழுதுபார்ப்பவரும் கூடவே வருவார். 2008 செப்டெம்பர் 9 அன்று வவுனியாத் தளம் தாக்கப்பட்டபோது காயமடைந்தவர்களில் இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் இருந்தனர். ராடாரோடு யார் வந்திருந்தார்கள் என்பது பொதுமக்களுக்கு அன்றுதான் புரிந்தது.

ராடார் உடைந்து நிற்பது குறைவு. தேய்ந்து நிற்பதே அதிகம். இரவுபகலாகச் சுழலும் அன்ரெனாவின் பெயாரிங், சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் இடையே அலையைக் கடத்தும் இணைப்பு, குளிரூட்டி, ஜெனரேற்றர் எல்லாம் தேயும். பழைய வகைகளில் அலையை உண்டாக்கும் வெற்றிடக்குழாய்க்கு மணிக்கணக்கில்தான் ஆயுள்; அது போனால் முழு ராடாரும் ஊமை. அரைக்கடத்தித் தொகுதிகள் கொண்ட புதியவற்றில் ஒன்றிரண்டு செத்தாலும் வீச்சுக் குறையுமே தவிரப் பார்வை அணையாது. உதிரிப்பாகம் கிடைக்கத் தாமதமாகும் நாட்டுக்கு இந்த வேறுபாடு பரிமாணக் கணக்கைவிடப் பெரிது. இந்தியாவிலிருந்து ஒன்றும் சீனாவிலிருந்து ஒன்றுமாக வாங்கினால் களஞ்சியம் இரண்டு, பயிற்சி இரண்டு, கையேடு இரண்டு. ஒன்றின் சுற்றுப்பலகையைக் கழற்றி மற்றதில் மாட்டவும் முடியாது.

இரவல் வாங்கியது தவறென்று சொல்லமாட்டேன். அந்த அவசரத்தில் வேறு வழி குறைவு. சுற்றுவரைபடம், பத்தாண்டுக்கான உதிரிப்பாகப் பட்டியல், பலகை மட்டம்வரை உள்ளூர்ப் பொறியியலாளருக்குப் பயிற்சி: அடுத்த ராடாருக்குக் கையெழுத்திடுபவர்கள் இவற்றை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் தள்ளாமல் முதற்பக்கத்தில் எழுதட்டும்.