வண்டு பார்த்த சாட்சி

கேவின் ஹூட் இயக்கிய 'ஐ இன் த ஸ்கை' (2015) விறுவிறுப்பான படம், சும்மா சொல்லக் கூடாது. நைரோபியில் ஒரு வீட்டுக்குள் தீவிரவாதிகள் தற்கொலை அங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே சுவரோரம் ஒரு சிறுமி ரொட்டி விற்கிறாள். நெவாடாவில் உட்கார்ந்திருக்கும் பைலட் பட்டனை அழுத்தினால் அவர்களோடு அவளும் காலி. அழுத்தலாமா?

சிறுமி சாகும் வாய்ப்பு ஐம்பது சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால்தான் அனுமதி. கர்னலாக வரும் ஹெலன் மிர்ரன், கணக்குப் போடும் ஆளை நெருக்கி அந்த எண்ணை வாங்கிவிடுகிறார். டார்கெட்டுக்கு ஏற்ப ரிப்போர்ட் எழுதும் நம்மூர் ஆபீஸ் மாதிரியே! படத்தின் மிக நேர்மையான காட்சி இது.

என் சண்டையெல்லாம் அந்த வண்டோடுதான். வண்டு வடிவக் குட்டி கேமரா வீட்டுக்குள் பறந்து போய் வெடி அங்கியைப் பளிச்சென்று காட்டிவிடுகிறது. சந்தேகத்தை டைரக்டரே துடைத்துவிட்டால், மிச்சம் ஒரு சின்னக் கணக்குதான்: ஒரு சிறுமியா, பல பேரா? நிஜத்தில் பிரச்னையே, கீழே இருப்பது யார் என்பதுதான்.

2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வெள்ளை கரோலா காரை அமெரிக்க ட்ரோன் மணிக்கணக்கில் பின்தொடர்ந்து அடித்தது. ஓட்டியவர் உதவி நிறுவன ஊழியர். செத்த பத்துப் பேரில் ஏழு பேர் குழந்தைகள். 'நியாயமான தாக்குதல்' என்ற ராணுவம், மூன்று வாரத்துக்குள் தப்பு என்று ஒப்புக்கொண்டது. தண்டனை? யாருக்கும் இல்லை.

மதுரை ஆனையூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. வன்னியில் சொந்தம் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் ரீங்காரமிடும் வேவு விமானத்துக்கு அங்கே பெயரே 'வண்டு'தான். வானில் கண் இருந்தும், 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலையில் விமானப்படை குண்டு போட்டது. புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பயிற்சி வகுப்புக்கு வந்த மாணவிகள் என்றது யூனிசெஃப்.

'அதற்காக, குண்டு கட்டியவனைச் சும்மா விடுவதா சார்?' என்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரைப் பார்த்த நாம் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1998-ல் தடா கோர்ட் 26 பேருக்குத் தூக்கு என்றது. 1999-ல் சுப்ரீம் கோர்ட் நாலு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள் என்று நிறுத்தி, 19 பேரை வெளியே விட்டது. வருடக்கணக்கில் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் நடந்த வழக்கிலேயே இந்த வித்தியாசம். ஏவுகணைக்கு அப்பீல் கிடையாது.

பலன் உண்டா? 2007 நவம்பரில் விமானத் தாக்குதலில் தமிழ்ச்செல்வன் கொல்லப்பட்டார். புலிகள் சார்பில் பேச்சுவார்த்தை மேஜைக்கு வந்தவர். போர் நிற்கவில்லை; இன்னும் ஒன்றரை வருடம் மூர்க்கமாக நடந்தது.

மதுரைக்காரர்களுக்கு இது பழைய கதை. ஒரே ஒரு பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல் கொல்லச் சொன்னான் பாண்டியன். தப்பு என்று தெரிந்ததும் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். இன்றைக்கு யாரும் உயிரை விட வேண்டாம். உத்தரவு போட்டவர் பெயரையாவது சொல்லட்டும்.