பெயர்ப்பலகைக்குச் செலுத்தும் பக்தி

1925ஆம் வருஷம் ஃபோர்டு கம்பெனி தன் மாடல்-டி வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்பனைக்கு விட்டபோது, அந்த எளிய சாதனத்தின் சந்ததிகள் ஒரு காலத்தில் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டுப் புதுவண்டியின் விலையையும் மிஞ்சிய தொகைக்கு ஏலம் போகும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வைக்கோலும் உரமூட்டையும் சுமந்து ஓய்ந்து, களஞ்சியத்தின் பின்னால் புல் மண்டிக் கிடந்த அமெரிக்கப் பிக்கப் லாரிகளுக்கு இந்த யோகம் வாய்த்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இந்த மோகத்தோடு கூடவே ஒரு வாதமும் வளர்ந்து, இப்போது மறுப்பாரின்றி உலவுகிறது. ஃபோர்டு அபிமானி ஃபோர்டையும், செவர்லே அபிமானி செவர்லேயையும், டாட்ஜ் அபிமானி டாட்ஜையும் ஆயுள் முழுவதும் விடாமல் பற்றி நிற்பது ஒரு நற்குணம். அந்த ஏகநிஷ்டைதான் இவ்வண்டிகளைத் துருவிலிருந்தும் உருக்காலையிலிருந்தும் மீட்டது. ஆகையால் அதைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல் என்கிறார்கள். அந்த அபிமானிகளுக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நிஷ்டை வணங்கத் தக்கதுதானா என்பதில்தான் ஐயம்.

அந்த நிஷ்டைக்குரிய காரணங்கள் அற்பமானவை அல்ல. தகப்பனார் ஓட்டிய வண்டியின் கதவு மூடும் ஓசை மகனுடைய காதில் நாற்பது வருஷம் நிற்கிறது. அந்த ஓசைக்கு ஈடாக வேறு கம்பெனி எதைத் தர முடியும்? சிற்றூர்களில் விற்பனை நிலையம் ஒன்றே ஒன்று இருந்தது, அது எந்தக் கம்பெனியைச் சேர்ந்ததோ அந்தக் கம்பெனிதான் ஊரின் கம்பெனி. பிளின்ட் நகரத்திலும் டியர்பார்னிலும் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன், தனக்குச் சோறு போட்ட தொழிற்சாலையின் வண்டியைத் தவிர வேறொன்றை வாசலில் நிறுத்த மனம் கூசுவான்; அது மானஸ்தனுடைய இயல்பு. தொழில் ஞானமும் ஒரு காரணம். ஒரே குடும்பத்து எஞ்சின்களை முப்பது வருஷம் பிரித்துக் கோத்தவன், எந்த வருஷத்துக் கதவு எந்த வருஷத்துக் கேபினில் பொருந்தும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவான். பல கம்பெனிகளின் வண்டிகளை மேலெழுந்தவாரியாக அறிந்தவனைவிட ஒன்றை ஆழ அறிந்தவன் பயனுள்ளவன். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் ஆட்சேபம் வேறு இடத்தில் எழுகிறது. இந்த வண்டிகளுக்குச் சரித்திரம் எழுதியவர்கள் யார்? உழவன் தன் லாரியைப்பற்றி நாட்குறிப்பு எழுதவில்லை. கம்பெனி வெளியிட்ட பிரசுரங்கள் விற்பதற்காக அச்சிடப்பட்டவை. போர்விமானங்களுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் வாய்த்ததுபோல் இவற்றுக்குப் பண்டிதர் கூட்டம் வாய்க்கவில்லை. எஞ்சியிருப்பது அபிமானியின் வாய்மொழி ஒன்றே. அவனே காவலாளி, அவனே சாட்சி, அவனே சரித்திராசிரியன். சாட்சி ஒரு கட்சியைச் சேர்ந்தவனாகிவிட்டால் வழக்கின் கதி என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதலாவதாக, அவன் தன் கம்பெனியின் சிருஷ்டி என்று கொண்டாடும் வண்டி பல கைகளின் சிருஷ்டி. 1970களில் ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் மூன்றிலும், நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகள் பலவற்றின் அடியில் இருந்த என்.பி.205 என்னும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பகிர்ந்து தரும் பெட்டி), சிரக்யூஸ் நகரத்து நியூ பிராசஸ் கியர் தொழிற்சாலையில் உருவானது. அத்தொழிற்சாலையோ டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிரைஸ்லரின் உடைமை. போட்டிக் கம்பெனியின் பல்சக்கரம் சுழன்றுதான் செவர்லே சேற்றைக் கடந்தது. பாரவண்டிகளில் டேனா கம்பெனியின் அச்சு மூவருக்கும் பொது. 1957இல் செவர்லே தன் தொழிற்சாலையிலேயே நான்கு சக்கர இயக்கத்தைப் பொருத்தித் தரத் தொடங்கியபோதும், அந்த உறுப்புகள் மினியாபொலிஸ் நாப்கோ நிறுவனத்தினுடையவை; ஃபோர்டுக்கு அதே தொண்டைப் பல வருஷம் செய்தது இண்டியானாபொலிஸ் மார்மன்-ஹெரிங்டன். வண்டியின் பிடிவாதமான பலத்தைப் புகழும்போது இந்தப் பெயர்கள் எத்தனை நாவில் வருகின்றன?

கனடாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். ஃபோர்டு விற்பனையாளர் இல்லாத ஊர்களில் லிங்கன்-மெர்க்குரி விற்பனையாளருக்கும் விற்க ஒரு லாரி வேண்டும் என்பதற்காக, ஃபோர்டின் எஃப் வரிசை வண்டிகளே முகப்பையும் எழுத்தையும் மாற்றிக்கொண்டு மெர்க்குரி என்ற பெயரில் 1968 வரை விற்பனையாயின. டாட்ஜ் லாரிகளும் அவ்வாறே ஃபார்கோ என்ற நாமத்தைத் தரித்து 1972 வரை ஓடின. ஒரே அச்சில் வார்த்த இரும்புக்கு இரண்டு நாமங்கள். நாமத்துக்கு ஒன்றாக இரண்டு கட்சிகள்.

பெயர் வேறாகவும் உடல் ஒன்றாகவும் இருந்த இடத்தில் உண்மையான வேற்றுமை உள்ளே ஒளிந்திருந்ததும் உண்டு; அதையும் இந்தச் சரித்திரம் சரியாகச் சொல்வதில்லை. ஒரே தாய்க் கம்பெனியிலிருந்து 1947இல் வெளிவந்த செவர்லே லாரியும் ஜி.எம்.சி. லாரியும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் செவர்லேயின் 216 கன அங்குல எஞ்சினில் இணைப்புத் தண்டுகளின் பேரிங்குகள் உருக்கி வார்த்த மென்னுலோகத்தால் ஆனவை. அவற்றுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறித்தும் பீச்சியும் போய்ச் சேர வேண்டும். ஜி.எம்.சி.யின் 228 கன அங்குல எஞ்சினிலோ எண்ணெய் அழுத்தத்தோடு ஒவ்வொரு பேரிங்குக்கும் செலுத்தப்பட்டது. மலைப்பாதையில் நாள் முழுதும் பாரத்தோடு ஏறுகிறவனுக்கு இந்த வித்தியாசம் வாழ்வா சாவா என்பது போன்றது. செவர்லே லாரிகளுக்கு அழுத்த முறை 1954இல்தான் வந்தது. ஆனால் அந்த எஞ்சினைப்பற்றிய புகழுரைகளில் அது என்றும் நின்றுபோகாத இரும்பு என்ற பேச்சே ஓங்கி நிற்கிறது. அதை ஓட்டியவர்கள் வேகம் மீறாமல் பார்த்துக்கொண்டதால் அது நின்றுபோகவில்லை. பெருமையில் சரிபாதி அவர்களுக்குச் சேர வேண்டும்.

ஃபோர்டு அபிமானிகள் இதைப் படித்து மகிழ்ந்தால் அந்த மகிழ்ச்சிக்கு ஆதாரமில்லை. 1932இல் வந்து 1953 வரை லாரிகளை இழுத்த அவர்களுடைய வி-8 எஞ்சினில், வெளியேறும் புகை சிலிண்டர்களுக்கு இடையே எஞ்சினின் உடல் வழியாகவே பக்கவாட்டுக்குப் போயிற்று. போகும் வழியெல்லாம் குளிர்நீரைக் கொதிக்க வைத்தது. கேபினையும் பின்பெட்டியையும் ஒரே தகட்டு உடலாகச் சேர்த்து 1961இல் ஃபோர்டு கொண்டுவந்த அமைப்பு, 1963க்குப் பிறகு கைவிடப்பட்டது. பாரத்தில் முறுக்கிக்கொள்ளும் சட்டத்தின் மேல் முறுக்க முடியாத உடலை வைத்த பிழை அது. இன்று அந்த வண்டி அழகுக்காகப் போற்றப்படுகிறது. பிழை அபூர்வமாகிவிட்டதனாலேயே அதற்கு மதிப்பு வந்துவிட்டது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கை அதைச் சொல்லலாம், சரித்திரம் எழுத உட்கார்ந்தவன் சொல்லலாகாது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது 1973 முதல் 1987 வரை வெளிவந்த செவர்லே, ஜி.எம்.சி. லாரிகளின் விஷயம். சதுர உடல் என்று செல்லமாக அழைக்கப்படும் இவ்வண்டிகளுக்குத்தான் இப்போது மோகம் அதிகம். அதற்கு முந்திய மாதிரிகளில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், ஓட்டுகிறவனுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த அபாயத்தை நீக்க வேண்டி வெளியே எடுத்தவர்கள், சேஸிஸ் சட்டத்தின் உட்புறத்தில் வைக்காமல் வெளிப்புறத்தில், பக்கவாட்டுத் தகட்டுக்கு அடுத்தாற்போல் தொங்கவிட்டார்கள். பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்து மோதினால் டாங்குக்கும் மோதும் வண்டிக்கும் இடையே ஒரு மெல்லிய தகடு. 1994 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைச் செயலாளர் பெடரிகோ பேன்யா, இது பாதுகாப்புக் குறையே என்ற முதற்கட்ட முடிவை அறிவித்தபோது, இத்தகைய தீ விபத்துக்களில் சுமார் 150 பேர் இறந்ததாகச் சொன்னார். டிசம்பரில் அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் சமரசம் ஏற்பட்டது. கம்பெனி பாதுகாப்புத் திட்டங்களுக்காக 5 கோடி டாலருக்கு மேல் தர இசைந்தது. வண்டிகள் திரும்ப அழைக்கப்படவில்லை. ஆகவே அந்த டாங்குகள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன.

இந்த வரலாற்றை அபிமானியிடம் கேட்டால் அவன் சொல்லும் கதை வேறு. 1992இல் என்.பி.சி. தொலைக்காட்சி, மோதலில் தீப்பற்றுவதைக் காட்ட வண்டியின் அடியில் தீமூட்டும் கருவிகளை ஒளித்து வைத்ததையும், மறு வருஷம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதையும் அவன் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பான். அந்த மோசடி நடந்தது உண்மை, கண்டிக்கத் தக்கதும்கூட. ஆனால் பொய்ச்சாட்சி ஒருவன் அகப்பட்டுக்கொண்டதனால் குற்றமே நடக்கவில்லை என்று தீர்ப்பாகுமா? ஒரு தொலைக்காட்சிப் படத்தின் பொய்யைப் பத்திரமாக நினைவில் வைத்து, பதினைந்து வருஷ வடிவமைப்பின் பிழையை மறக்கச் செய்வது எது? அந்தக் கம்பெனியே 1988 மாதிரியில் டாங்கைச் சட்டத்தின் உட்புறத்துக்குக் கொண்டுபோய்விட்டது. செய்தவன் திருத்திக்கொண்டதைப் பக்தன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சியிலும் இதே வியாதிதான். ஃபோர்டின் தானியங்கி கியர் நிறுத்தத்திலிருந்து தானாகப் பின்னோட்டத்துக்கு நழுவுகிறது என்ற புகாரில், 1980 முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு அனுப்பப்பட்டது. கார்களும் லாரிகளும் அதில் அடக்கம். புதுப்பிக்கப்பட்ட எத்தனை ஃபோர்டுகளில் அந்தச் சீட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது? எழுத்துப் பிசகாமல் பழைய எண்ணெய்ச் சீட்டையும் டயர்க் காற்றுச் சீட்டையும் மறுபடி அச்சிட்டு ஒட்டுகிறவர்கள் இதை மட்டும் ஒட்டாவிட்டால், அதை மறதி என்று நான் ஏற்கமாட்டேன்.

இந்தக் குருட்டுத்தன்மை எங்கிருந்து வருகிறது? 2001இல் ஆல்பர்ட் மூனிஸ், தாமஸ் ஓ'கின் என்னும் இரு அறிஞர்கள் ஃபோர்டு பிராங்கோ வண்டிக்காரர்களையும் வேறு சில கூட்டத்தாரையும் ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், ஒரு வியாபாரப் பெயரைச் சுற்றிச் சேரும் சமூகம் எதிரிப் பெயரின்மேல் உள்ள வெறுப்பையும் உணவாகக் கொண்டு வளர்கிறது என்று காட்டினார்கள். பின்கண்ணாடியில் எதிர்க்கம்பெனியை ஏளனம் செய்யும் படங்களைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வெறுப்பில் ஊன்றிய அன்பால் தன் பொருளின் குறையைப் பேச முடியாது. பேசினால் அது எதிரிக்கு ஆயுதமாகிவிடும். விளம்பரமும் இந்த நெருப்புக்கு நெய் வார்த்தது. 1991 முதல் பாடகர் பாப் சீகரின் பாட்டைப் பின்னணியில் ஒலிக்கவிட்டுச் செவர்லே விற்றது புதிய லாரிகளை. ஆனால் தாத்தாவின் பழைய லாரியைப்பற்றிப் பேரன் பேசும் மொழியிலும் அந்த விளம்பரத்தின் மொழி கலந்துவிட்டது.

ஏகநிஷ்டைதான் இவ்வண்டிகளைக் காத்தது என்ற வாதத்துக்கு இனிப் பதில் சொல்லலாம். அது காத்தது, எவற்றுக்குக் கூட்டம் பெரிதோ அவற்றை. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் நகரத்துத் தொழிற்சாலையை மூடிய ஸ்டூடிபேக்கருக்கும், 1975இல் பிக்கப் செய்வதை விட்ட இன்டர்நேஷனலுக்கும் பக்தர்கள் சிலரே. ராபர்ட் போர்க் வரைந்து 1949 மாதிரியாக வந்த ஸ்டூடிபேக்கர் லாரியைவிட அழகான பிக்கப்பை அமெரிக்கா செய்ததில்லை என்பது என் தீர்மானம். ஆனால் அதற்கு ஒரு கதவுத் தகடு தேடுகிறவன் அலைய வேண்டியிருக்கிறது, செவர்லேக்காரன் விலைப்பட்டியலைப் புரட்டினால் போதும். தகுதியைப் பார்த்துக் காப்பாற்றியிருந்தால் இப்படி நேர்ந்திராது.

கைகள் மட்டும் உண்மையை அறிந்திருக்கின்றன. 1950களின் ஃபோர்டு எஃப்-100 வண்டியின் பானெட்டைத் திறந்தால் உள்ளே செவர்லேயின் 350 எஞ்சின் இருப்பது சர்வசாதாரணம். அதே காலத்துச் செவர்லேயின் முன்சக்கரங்களுக்கிடையே ஃபோர்டு மஸ்டாங்-2இன் சஸ்பென்ஷன் அமைப்பையும், பின்னால் ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சையும் காணலாம். மலிவும் உறுதியும் பொருத்தமும் எங்கே உண்டோ அங்கே கை போயிருக்கிறது. மெக்கானிக்கின் கை காட்டிய நடுவுநிலைமையை அவன் நாக்கும் காட்ட வேண்டும் என்பதைத் தவிர நான் அதிகமாக எதையும் கோரவில்லை.

ஆகையால் பழைய பிக்கப் லாரியைக் காப்பாற்றி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியோடு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எஞ்சின் எவருடையது, அச்சு எவருடையது, எது எந்த வருஷம் மாற்றப்பட்டது, எது எப்போது எதனால் உடைந்தது, டாங்க் எங்கே இருக்கிறது, அதனால் என்ன அபாயம் என்பவற்றை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் கம்பெனியின் பெயரை எழுதலாம். வண்டியை விற்கும் நாளில் சாவியோடு அந்தப் புத்தகத்தையும் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.