தோற்றவர்களின் விருந்து

புஸ்தகங்களைப் பற்றிப் பேசுவதற்காக ஆண்கள் மட்டும் ஹோட்டலில் கூடிச் சாப்பிடுவது பாரிஸில் ஒரு காலத்தில் பெரிய விஷயமாக இருந்தது. 1874-ல் அப்படி ஐந்து பேர் சேர்ந்தார்கள்: பிளாபேர், ஜோலா, எட்மண்ட் கான்கூர், அல்போன்ஸ் தோதே, ருஷ்யரான துர்கனேவ். சேருவதற்கு ஒரே ஒரு யோக்கியதைதான் வேண்டும். எழுதிய நாடகம் மேடையில் தோற்றிருக்க வேண்டும்! பிளாபேரின் நாடகம் நாலே தடவை நடந்து நின்றுபோயிற்று. துர்கனேவ், ருஷ்யாவில் தம்மையும் சீட்டியடித்து விரட்டினார்கள் என்று சத்தியம் செய்தாராம். அவ்வளவு தூரம் போய் யார் விசாரிப்பது? சேர்த்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்லுகிறவர் தோதே. 1888-ல் வெளிவந்த 'பாரிஸில் முப்பது வருஷங்கள்' என்ற நூலில். கதை சொல்லுவதில் மன்னன்தான். ஆனால் அவர் ஞாபகத்தை நம்பிக் கணக்கு எழுத முடியாது. ஜோலாவின் தோல்வி என்று அவர் குறிப்பிடும் நாடகம் மேடை ஏறியதே 1878-ல்தான்.

பிளாபேருக்கு நார்மண்டி வெண்ணெயும் ரூவான் வாத்தும் வேண்டும். கான்கூருக்கு இஞ்சி முரப்பா. துர்கனேவுக்கு அவர் நாட்டு மீன் முட்டை. ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரவு இரண்டு மணிக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். புதிதாக எழுதியதைக் கொண்டுவருவார்கள். முகஸ்துதி இல்லாமல் மனம் திறந்து பேசுவார்கள் என்கிறார் தோதே.

இங்கேதான் எனக்குக் குறை. வாத்தின் ஊரைக்கூட மறக்காதவர், அந்த மனம் திறந்த பேச்சை நம் காதில் விழும்படி எழுதவில்லை. சாப்பாடு மணக்கிறது, விமரிசனம் கேட்கவில்லை. நானும் எழுதுகிறவன், பக்கத்து இலைக்காரரின் நாவலைப் பற்றி அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உண்மை சொல்லுவது எத்தனை கஷ்டம் என்று தெரியும்.

துர்கனேவுக்கும் தெரிந்திருக்கலாம். அவர் 1883-ல் காலமான பிறகு, அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் புஸ்தகமாக வந்தன. அதில் அவர் தோதேயை மனிதராகவும் எழுத்தாளராகவும் மிகவும் தாழ்த்திப் பேசியிருப்பதாகக் கண்டிருந்தது. தம் வீட்டில் சாப்பிட்டவர், தம் குழந்தைகளை முத்தமிட்டவர்! தோதே திகைத்துப்போனார். அந்தத் திகைப்பைத் துர்கனேவ் கட்டுரையின் அடியில் பின்குறிப்பாகச் சேர்த்தார். அதற்கு மேலே இருந்த அன்பான பக்கங்களை மட்டும் அவர் எடுத்துவிடவில்லை. தேதிகளில் தவறியவரை நான் இன்னும் நம்பிப் படிக்கிறேன் என்றால் அந்தப் பக்கங்களுக்காகத்தான்.