நிறுவைக் கொட்டகையில் நிற்கும் நேரம்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் சரக்கேற்றிப் போய்க்கொண்டிருந்த பழைய லாரி ஓட்டுநர்களிடம் வாளையார் என்று சொன்னால் போதும், ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஓய்வார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அந்த மாநில எல்லையில் இருந்தது வணிகவரிச் சோதனைச் சாவடி. பில்லைக் காட்டி முத்திரை வாங்க மணிக்கணக்கில் வரிசை. நெரிசல் முற்றினால் லாரி நிழலிலேயே அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவார்கள். இந்தக் காத்திருப்பால் ஓட்டுநருக்கு லாபமில்லை, சரக்கு அனுப்பியவருக்கு லாபமில்லை, அரசுக்கும் இல்லை. சில சட்டைப்பைகளுக்கு இருந்திருக்கலாம். லஞ்ச ஒழிப்புத் துறை அந்தச் சாவடியில் அடிக்கடி சோதனை போட்டது ஊரறிந்த சங்கதி. வரி முறை மாறியது, வணிகவரிக்கான வரிசை போயிற்று. அதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை.

லீன் என்னும் நிர்வாக முறைக்கு வக்காலத்து வாங்க இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பொருளுக்கு மதிப்புக் கூட்டாத எந்த வேலையும் விரயம், அதைக் கண்டுபிடித்து நீக்கு என்பதுதான் அதன் அடிப்படை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டொயோட்டா கார் ஆலையில் டைச்சி ஓனோ இதை உருட்டித் திரட்டி வடிவம் கொடுத்தார். அளவுக்கு மீறிய உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, தேவையற்ற செய்முறை, தேங்கிய சரக்கு, வீண் நடமாட்டம், பழுது என்று ஏழு விரயங்களைப் பட்டியலிட்டார். லீன் என்று அதற்குப் பெயர் வைத்தவர் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர், 1988இல். அந்தப் பெயரோடுதான் அது உலகம் சுற்ற ஆரம்பித்தது.

இந்தியாவுக்கும் வந்து வெகுநாள் ஆகிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான ஒன்றிய அமைச்சகம் 2023 மார்ச்சில் லீன் திட்டத்தைப் புதுப்பித்து அறிவித்தது. மூன்று படிநிலைகள், மேல்படிகளில் ஆலோசகருக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. வாளையாரைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோடு, கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. இரும்பு உருக்கு ஆலைகளும் அவற்றை ஒட்டிய சிறு பட்டறைகளும் நிறைந்த இப்படிப்பட்ட இடங்களை மனதில் வைத்துத்தான் அந்தத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று தேடுவதில் தினமும் அரைமணி போகும் பட்டறையில், ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் அதன் உருவத்தையே வரைந்து ஆணியடித்து மாட்டச் சொன்னால் பலன் அன்று சாயங்காலமே தெரியும். செலவு ஒரு டப்பா பெயிண்ட். இதைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

என் கேள்வி இடுக்கி மலைக்கு ஏறினால்தான் எழுகிறது. வாளையாரில் நின்ற லாரியைப் பார்த்து ‘இது விரயம்’ என்று சொல்ல எவராலும் முடிந்தது. தேயிலைத் தோட்டத்தில் அதைச் சொல்லும் உரிமை யாருக்கு?

மலையில் சிக்கனமே தேவையில்லை என்று வாதிடுபவர்கள் பீர்மேட்டுப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை விழுந்தபோது அங்கே தோட்டங்களைக் கைவிட்டுவிட்டு முதலாளிகள் போய்விட்டார்கள். சம்பளமும் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது. ஒழுகும் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், தொழிலாளர் குடும்பங்கள் மட்டும் மிச்சம். கணக்குப் பார்க்கத் தெரியாத நிர்வாகம் தொழிலாளிக்கு நண்பனாகிவிடாது. மூணாறு வேறு வழியில் தப்பித்தது. டாடா டீ விலகிக்கொள்ள, 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற நிறுவனம் தோட்டங்களை ஏற்றது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதில் பங்குதாரர்கள். பங்கேற்பு நிர்வாகம் என்று அதை உலகமே பாராட்டியது. செலவு இறுக்கப்பட்டது, நட்டத்தில் கிடந்த தோட்டம் முதலாண்டிலேயே லாபம் காட்டியது. இதுவும் லீன் கணக்கில் வரவு வைக்க வேண்டிய சாதனைதான், அந்தப் பெயரைச் சொல்லிச் செய்தார்களோ இல்லையோ.

இப்போது கொழுந்துக் காட்டுக்குப் போவோம். தேயிலை ஆலைக்கு நேரம் பெரும் எதிரி. கிள்ளிய கொழுந்தைச் சாக்கில் திணித்து வைத்தால் சூடேறிச் சிவந்துபோகும். சில மணி நேரத்துக்குள் வாட்டும் தொட்டியில் பரப்பியாக வேண்டும். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாடி, அறைபட்டு, நிறம் மாறி, காய்ந்து தூளாகும். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். ஆலைக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் மணிக்கணக்கு உண்டு, ஈரப்பதக் கணக்கு உண்டு, கரண்டு கணக்கு உண்டு. லீன் ஆலோசகர் உள்ளே நுழைந்தால் அவருக்கு வேலை பாதி முடிந்தே இருக்கும்.

ஆலை வாசலுக்கு வெளியே இருக்கும் நேரத்துக்குத்தான் கணக்கு இல்லை. கொழுந்தெடுப்பவர் சரிவில் இருபத்தைந்து, முப்பது கிலோவைச் சுமந்துகொண்டு நிறுவைக் கொட்டகைக்கு வருகிறார். வரிசையில் நிற்கிறார். தராசு வரும், அல்லது வண்டி வரும், அல்லது இரண்டும் தாமதமாகும். சாக்குக்கு ஒரு கழிவு, மழைநாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு. எவ்வளவு கழிப்பது என்பதைத் தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்பவர் முடிவு செய்வார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இது நடக்கிறது. குறைந்தபட்சக் கிலோவைத் தாண்டினால்தான் கூடுதல் காசு என்பதால், வரிசையில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவருடைய காசிலிருந்து போகிறது. கம்பெனியின் காசிலிருந்து போவதில்லை. அதனால்தான் அந்தக் காத்திருப்பு எந்த விரயப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஓனோவின் ஏழில் காத்திருப்பு, வீண் போக்குவரத்து, வீண் நடமாட்டம் மூன்றும் அந்தக் கொட்டகையிலேயே நிற்கின்றன, பார்ப்பவர் இல்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் அடைந்து ஏலக்காட்டுக்கு மேலேறும் பெண்களின் நேரமும் இப்படித்தான். வேலை நேரம் தோட்டத்தில் தொடங்குகிறது, அவர்களுடைய நாளோ மூன்று, நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது.

அலுவலகத்தில் உட்கார்ந்து விரயம் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கத்திரி நல்ல உதாரணம். கையால் கிள்ளுவது மெதுவான வேலை, ஆளும் அதிகம் வேண்டும். கத்திரியால் வெட்டினால் அதே ஆள் பலமடங்கு எடை கொண்டுவருவார். கிலோவுக்கு ஆகும் கூலிச் செலவு குறையும். தாளில் இது தெளிவான முன்னேற்றம். செடிக்கு இது வேறு மாதிரி. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பார்த்துக் கிள்ளும் விரலுக்கு இருக்கும் கண் கத்திரிக்குக் கிடையாது. முற்றிய இலை, தண்டு எல்லாம் சேர்ந்து வரும். அடுத்த சுற்றுக்கு வளர வேண்டிய குருத்தும் சேர்ந்து போகும். தண்டையும் நாரையும் பிரித்தெடுக்க ஆலையில் கூடுதல் வேலை; ஏலத்தில் விலை குறையும். தோள், மணிக்கட்டு வலிக்கு மருந்து வாங்கும் செலவு லயத்துக்கு. காட்டில் நீக்கிய விரயம் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆள் கிடைக்காத இன்றைய நிலையில் கத்திரியை முழுக்க ஒதுக்கிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் எடைக்குக் காசு கொடுத்துவிட்டுத் தரத்தைக் கேட்பது எந்த ஊர் லீன்? தரத்தை அது பிறக்கும் இடத்திலேயே உறுதிசெய் என்பது அந்த முறையின் பாலபாடம்.

அந்த முறையின் இன்னொரு பாடமும் மலையில் மறந்துபோகிறது. விரயத்தை ஜப்பானியர் முடா என்பார்கள். கூடவே இரண்டைச் சேர்த்துச் சொல்வார்கள். முரா என்பது வேலையின் ஏற்ற இறக்கம், முரி என்பது மனிதர் மீதோ இயந்திரத்தின் மீதோ ஏற்றும் அதிகச் சுமை. மழைக்குப் பின் கொழுந்து பொங்கும், கோடையில் வறளும். தோட்டத்தில் முரா இயற்கையோடு பிறந்தது. அதைச் சமாளிக்க நம் நிர்வாகங்களுக்குத் தெரிந்த ஒரே வழி முரிதான்.

2015 செப்டம்பரில் இந்தச் சுமை வெடித்தது. அந்த ஆண்டு லாபம் குறைந்ததென்று கண்ணன் தேவன் நிறுவனம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு மூணாறு வீதிக்கு வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண்கள். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் விரட்டியது கேரளம் அதுவரை பார்க்காத காட்சி. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத் தொகை என்று 20 சதவீதம் கிடைத்தது.

இவர்கள் வெறும் கூலிக்காரர்கள் மட்டுமில்லை, காகிதத்தில் கம்பெனியின் பங்குதாரர்கள் என்பதை மறக்கக் கூடாது. பங்கு கொடுத்தார்கள், கேள்வி கேட்க இடம் கொடுக்கவில்லை. காட்டில் நிற்பவரின் வாய்ச்சொல் மேசைக்குப் போய்ச்சேர வழி இருந்திருந்தால், வீதியில் உட்கார்ந்துதான் அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

போனஸ் தீர்ந்த பிறகு கூலிப் பேச்சு. அக்டோபரில் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கூடவே, அந்தக் கூலிக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆனது. கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். முன்பு கிலோவுக்கு 11 ரூபாய் 5 காசு. ஒப்பந்தத்துக்குப் பிறகு 12 ரூபாய் 4 காசு. செய்தித்தாளில் கூலி 30 சதவீதம் உயர்ந்தது. கிலோ கணக்கில் உயர்வு 9 சதவீதம். மீதியை அந்தப் பெண்கள் முதுகிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள்.

டொயோட்டாவின் முறையும் இதே மாதிரி ஒரு சிக்கலில்தான் பிறந்தது என்பது லீன் வகுப்புகளில் அதிகம் சொல்லப்படாத கதை. 1950இல் கம்பெனி திவாலாகும் நிலை. ஆட்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம். முடிவில் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு பேர் வெளியேறினார்கள்; தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மிஞ்சியவர்களுக்கு வேலை உறுதி கிடைத்தது. விரயத்தைச் சுட்டிக்காட்டினால் தன் வேலையே போய்விடும் என்ற பயம் இல்லாத தொழிலாளியிடம்தான் ஓனோ யோசனை கேட்டார். பழுதைக் கண்டால் கயிற்றை இழுத்து மொத்த வரிசையையும் நிறுத்தும் அதிகாரமும் அந்தத் தொழிலாளிக்கு இருந்தது. பின்னாளில் அந்த நிறுவனம் தன் நெறியை எழுதிவைத்தபோது இரண்டு தூண்கள் என்றது: இடைவிடாத மேம்பாடு ஒன்று, மனிதர்க்கு மதிப்பு மற்றொன்று. நாம் இறக்குமதி செய்தது முதல் தூணை மட்டும். நான் லீனில் காணும் பெரிய குறை அதன் கருவிகளில் இல்லை. பாதியை வாங்கிக்கொண்டு முழுதும் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வதில் இருக்கிறது.

ஆனால் முழுதாக வாங்கினாலும் தீராத குறை ஒன்று உண்டு. கையிருப்பு விரயம், உபரி விரயம் என்று எல்லாவற்றையும் ஒட்ட வழித்துவிட்டால் ஆபத்துக்கு உதவ ஒன்றும் மிஞ்சாது. 2018 வெள்ளத்தில் பெரியவாரைப் பாலம் இடிந்து மூணாறுக்கும் மறையூருக்கும் இடையே வழி அறுந்தது. மூணாறை ஒட்டிய கேப் ரோட்டில் மழைக்காலம்தோறும் பாறை சரிகிறது. அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் பொருள் வந்து சேரும் என்று நம்பி நடத்த ஏற்ற சாலைகள் இவை இல்லை. ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே சிப்புகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மூடியபோது கரண்டும் போனும் ஏற்கெனவே செத்திருந்தன. சேதி வெளியே வர விடிந்துவிட்டது. எழுபது பேர் மாண்டார்கள். மாற்று ஏற்பாடாக இன்னொரு தகவல் தொடர்பு இருந்திருந்தால், சாதாரண நாளில் கணக்காளர் அதைத் தேவையற்ற செலவு என்றே எழுதியிருப்பார்.

இடுக்கியில் லீன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைவிட்ட தோட்டத்தைவிடக் கணக்குப் பார்க்கும் தோட்டம் மேல். ஆனால் அரசுப் பணத்தில் வரும் ஆலோசகர் ஆலைக்குள் போகும் முன் ஒரு நாள் முழுக்க நிறுவைக் கொட்டகையில் நிற்கட்டும். எடையையும் கழிவையும் சரிபார்க்கக் கொழுந்தெடுப்பவர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். காத்திருந்த நேரத்தையும் நோட்டில் எழுதி அதற்குக் கூலி கொடுக்கட்டும். கேரளத்தின் பிளான்டேஷன் லேபர் கமிட்டி அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது, கிலோவை உயர்த்துவது பற்றிப் பேசும் முன் தராசுக்குப் பக்கத்தில் ஆள், காத்திருப்புக்குக் கூலி ஆகிய இரண்டையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.