பேரிடரும் வாக்கியமும்

கடலுக்குத் தொலைவிலுள்ளது நம் சேலம். ஃபேர்லேண்ட்ஸில் நம்மிடம் பயின்ற மாணவர்க்குப் பேரிடர் என்றால் மழை பொய்த்த ஆண்டும் வறண்ட கிணறுமே. எனினும், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகைக் கரையை அழித்த பின் அதுபற்றிக் கட்டுரை எழுதப் பணித்தோம். ஏறத்தாழ அனைவருமே கடலை அரக்கனாக்கினர். கோரத் தாண்டவம் ஆடவிட்டனர். அவர்களைக் குறை கூறோம். நாளேடுகள் பழக்கிய நடை அது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அரக்கன் என்னும் உருவகம் புயலுக்கும் பொருந்தும், தீக்கும் பொருந்தும், நிலநடுக்கத்துக்கும் பொருந்தும். எல்லாவற்றிற்கும் பொருந்துவது எதனையும் காட்டுவதில்லை. மாண்டவரை மறைத்து, எழுதுவோனின் சொல்வளத்தையே அது முன்னிறுத்துகிறது.

நம் முன்னோர் 'கடல்கோள்' என்றனர். 'கொள்' என்னும் சிறு வினைக்குள் பஃறுளியாறும் குமரிக்கோடும் அடங்கிவிட, சிலப்பதிகாரம் மேலே நடக்கிறது. ப. சிங்காரமோ 'புயலிலே ஒரு தோணி'யில் (1972) வேறு வழி கண்டார். அங்கே அடுக்கடுக்காய் வரும் வினைகளால் வாக்கியமே தொங்கானைப் போல் ஏறி விழுகிறது. முன்னது சுருக்கம், பின்னது பெருக்கம். இரண்டிலும் வாக்கிய அமைப்பே நிகழ்ச்சியைக் காட்டுகிறது.

இதனை இலக்கணமாகவே வகுத்தவர் இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ (மறைவு ஹிஜ்ரி 471). நூஹ் நபி (அலை) காலத்து வெள்ளம் வடிந்ததைக் கூறும் ஹூத் அத்தியாயத்தின் 44-ஆம் வசனத்தை அவர் 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் ஆராய்கிறார். அழகு தனிச்சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று இணையும் முறையில் உள்ளது என்பது அவர் முடிபு. நிலமும் வானும் விளிக்கப்படுகின்றன; ஏவல் பிறக்கிறது; உடனே நீர் வடிந்த செய்தி செயப்பாட்டு வினையில் வருகிறது. வடியச் செய்தவன் பெயர் அங்கே சொல்லப்படவில்லை. சொல்லாமையாலேயே அவன் ஆணையின் வலிமை புலனாகிறது.

அன்றைய கட்டுரைகளுள் ஒன்று மட்டும் தனித்து நின்றது. தாய்வழி உறவினர் நாகைக் கரையில் வாழ்ந்த மாணவன் எழுதியது. காலையில் மாமி அரிசி ஊறப் போட்டார் என்பது ஒரு வாக்கியம். மறுநாள் சட்டி கிடைத்தது என்பது அடுத்த வாக்கியம். அத்துடன் முடித்துவிட்டான். அவன் பலாகத் பயின்றவனல்லன். மாமியைப் பற்றிச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை, அவ்வளவே.

குறைந்த மதிப்பெண் இடக் கை நீட்டிய நாம், அதனை இருமுறை படித்துக் கையை இழுத்துக்கொண்டோம். இளம் எழுத்தாளர்க்கு நாம் சொல்லக்கூடியதும் இதுவே: அரக்கனை விடுங்கள், சட்டியைப் பாருங்கள்.