சுருட்டியவரின் கை

நல்ல ஹவானா சுருட்டை விரும்புகிறவர்கள் ஒரு தடவையாவது அதைப் பற்றவைக்காமல், கூரான கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். விலையை நினைத்தால் மனம் வராதுதான். ஆனால் அந்த வெட்டுவாயைப் பார்த்துவிட்டால் அப்புறம் புகைக்கிற விதமே மாறிப்போகும். உள்ளே தூள் கிடையாது, நறுக்கிய துணுக்கு கிடையாது. நீள இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சுருண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் மெல்லிய குழல்களாக நெருங்கி நிற்கும். புகை வருவது அவற்றின் இடைவெளியில்தான். அந்த இடைவெளிகளை விட்டுவைத்தவை, ஹவானாவில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரின் விரல்கள். சுருட்டு ரசனை என்று நான் சொல்வது அந்த விரல்களின் வேலையை அறிந்துகொள்வதை. பிராண்டு, பெட்டி, தங்க எழுத்து அச்சிட்ட காகித வளையம் எல்லாம் அதற்குப் பிறகு.

உள்ளே வைக்கும் இலை பெரும்பாலும் மூன்று வகை. செடியின் அடியில் விளைவது வொலாடோ. சுவை குறைவு, ஆனால் நெருப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் விளைவது செக்கோ. மணம் இதில்தான் இருக்கிறது. உச்சியில் வெயிலை முழுக்க வாங்கி, தடித்து, எண்ணெய்ப் பசையோடு வருவது லிஹேரோ. சுருட்டின் வீரியம் அதனுடையது, எரிவதோ மெதுவாக. ஆகவே லிஹேரோவைச் சரியாக நடுவில் வைத்து, மற்ற இரண்டையும் அதைச் சுற்றி அமைக்க வேண்டும். அது ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டால் ஒரு பக்கம் வேகமாக எரிந்து ஓடும், மறுபக்கம் பின்தங்கும், நெருப்பு கோணலாகிவிடும். சரியாக அமைந்த சுருட்டில் சாம்பல் விழுந்ததும் பாருங்கள்: கங்கு நடுவில் கூம்பாகக் கூர்ந்து நிற்கும். லிஹேரோ தன் இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எந்த இலை எவ்வளவு என்பதைச் சுருட்டுபவர் முடிவு செய்வதில்லை. கலவை வகுப்பவர் வேறு. சுருட்டுபவருக்கு அந்தந்த வகைச் சுருட்டுக்கான இலைகள் பிரித்தே தரப்படும். ஆனால் அதே இலை, அதே அளவு, இரண்டு பேர் கையில் இரண்டு சுருட்டாக வரும். இறுக்கிவிட்டால் இழுக்க இழுக்கப் புகை வராது, கன்னம்தான் வலிக்கும். தளர்த்திவிட்டால் புகை கொட்டும், சூடேறும், நாக்கு எரியும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இறுக்கத்தை எந்த அளவுகோலாலும் கற்றுத்தர முடியாது. தொழிற்சாலைகளில் இப்போது காற்றை இழுத்துப் பார்த்துச் சோதிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அது குறையைக் கண்டுபிடிக்கும். குறையில்லாமல் செய்வது இன்னும் கையின் பொறுப்பாகவே இருக்கிறது.

அந்தக் கைக்குத் துணையாக இருக்கும் கருவிகள் மிகக் கொஞ்சம். ஒரு மரப்பலகை, சாவேட்டா என்னும் பிடியில்லாத தட்டைக் கத்தி, முனையை அளவாக நறுக்க ஒரு சிறு வெட்டுக்கருவி, சுவையும் மணமும் இல்லாத தாவரப் பசை. உள்ளிலைகளைச் சேர்த்து, அவற்றைப் பிடித்துவைக்கும் கட்டிலையால் சுற்றி, மர அச்சில் வைத்து அழுத்துவார்கள். நடுவில் ஒரு முறை எடுத்துத் திருப்பி வைப்பார்கள். இல்லாவிட்டால் அச்சின் தடம் ஒரு பக்கம் விழுந்துவிடும். வடிவம் நின்றதும் மேலிலை. சாவேட்டாவால் அதை வளைவாக அரிந்து, சுருட்டைப் பலகையில் உருட்டிக்கொண்டே, இழுத்தும் இழுக்காமலும் சாய்வாகச் சுற்றி ஏற்றுவார்கள். கடைசியில், வாயில் வைக்கும் முனையான தலையில் ஒரு சிறு தொப்பி. தேர்ந்த கைக்கு நாளொன்றுக்கு நூறு சுருட்டுக்குப் பக்கம் வரும். வடிவத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

மேலிலையின் கதை தனி. கியூபாவின் மேற்கு மூலையில் பினார் தெல் ரியோ மாகாணம். அங்கே வுவெல்டா அபாஹோ வட்டாரத்தில் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்டினெஸ் ஊர்களைச் சுற்றியுள்ள செம்மண்ணில் விளையும் புகையிலைக்கு ஈடில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உள்ளிலைக்கான செடி வெயிலில் நிற்கும். மேலிலைக்கான செடியை வயல் முழுக்க மெல்லிய துணிப் பந்தல் போட்டு வளர்ப்பார்கள். பந்தலின் கீழ் வெயில் சல்லடையாக இறங்குவதால் இலை அகலமாக, மெலிதாக, நரம்பு புடைக்காமல் வரும். இந்த விவசாயத்தின் முகமாக உலகம் அறிந்தவர் அலெஹான்ட்ரோ ரொபைனா. 2010இல் தொண்ணூற்றொரு வயதில் இறந்த அவர் பெயரிலேயே 1997இல் ஒரு சுருட்டு பிராண்டு வெளிவந்தது. நிலத்தில் வேலை செய்த ஒருவருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே கிடைத்த அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பறித்த இலைகளைக் கொட்டகையில் கழிகளில் கோத்துத் தொங்கவிடுவார்கள். சுமார் ஐம்பது நாளில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். பிறகு அம்பாரமாக அடுக்கிப் புளிக்க வைப்பார்கள். அம்பாரம் தானே சூடாகும். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடியோடு இலையின் முரட்டுத்தனமும் வெளியேறுகிறது. வெற்றிலைக்குக் காம்பும் நடுநரம்பும் கிள்ளுவதைப் போல இங்கேயும் நரம்பு உரிப்பார்கள். மறுபடி புளிப்பு, அதன் பிறகு சிப்பம் கட்டி உறக்கம். வொலாடோவுக்கு மாதக்கணக்குப் போதும். லிஹேரோவுக்கு இரண்டு ஆண்டாவது வேண்டும். சுருட்டுபவரின் மேசைக்கு வரும் இலை, சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பருவத்தின் வெயிலோடு வருகிறது.

சுருட்டுத் தொழிற்சாலையில் பல பேர் ஒரே கூடத்தில் குனிந்து உட்கார்ந்து, கண்ணும் கையும் மட்டும் வேலை செய்யும்போது காது சும்மா இருக்கிறது. அதற்குத் தீனி போட 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் ஒரு வாசிப்பாளரை உட்காரவைத்தார்கள். கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தொழிலாளர்களே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். முதலில் பத்திரிகை, பிறகு நாவல். பிடித்துவிட்டால் சாவேட்டாவை மேசையில் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். அலெக்ஸாண்டர் டூமாவின் மான்டெ கிறிஸ்டோ பிரபு கதையைக் கேட்டுக் கேட்டு மயங்கியவர்களால்தான் 1935இல் பிறந்த பிராண்டுக்கு மான்டெகிறிஸ்டோ என்ற பெயர் வந்தது என்பார்கள். ஃப்ளோரிடாவின் டாம்பா நகருக்குப் புலம்பெயர்ந்த கியூபத் தொழிலாளர்கள் வாசிப்பாளரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 1931இல் அங்கே முதலாளிகள் வாசிப்பை ஒழித்துவிட்டு வானொலியை வைத்தார்கள். ஹவானாவில் வாசிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2012இல் கியூபா அதைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. நமக்குப் பக்கத்தில் கண்ணூரின் பீடித் தொழிலாளர்களும் இப்படித்தான், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி இலை சுற்றினார்கள். கைவேலைக்காரர்கள் இரண்டு கண்டங்களில் ஒரே தேவையை ஒரே விதமாக நிறைவேற்றிக்கொண்டதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

இனி புகைப்பது. முதலில் விரலால் நீளவாக்கில் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். கல்லாக நிற்கும் இடமோ, பொசுக்கென்று உள்ளே போகும் இடமோ இருக்கக் கூடாது. தலையில் தொப்பியை மட்டும் வெட்டுங்கள். தொப்பியின் கோட்டுக்குக் கீழே வெட்டினால் மேலிலை அவிழ்ந்துவிடும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் வாடை இலையில் ஏறும். நீளமான மரத் தீக்குச்சி அல்லது கேஸ் லைட்டர் போதும். நெருப்பு இலையைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, அடி முழுவதும் சமமாகக் கனலும் வரை சுற்றிக்காட்டுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. புகையை நெஞ்சுக்குள் வாங்கவே கூடாது. வாயில் நிறுத்தி, நாக்கில் உருட்டி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டால் போதும். மரம், தோல், காப்பிக்கொட்டை, மிளகு என்று பெயர் சூட்டும் மணமெல்லாம் மூக்கில்தான் பிரிந்து தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து, முதல் பங்கு வைக்கோல், நடுப்பங்கு தெய்வீகம், கடைசிப் பங்கு எருச்சாறு என்பார்கள். முதல் இரண்டை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவசரமாக இழுத்துச் சூடேற்றியவர்களுக்குத்தான் கடைசியில் கசப்பு. பொறுமையாகப் புகைத்தால் மூன்றாம் பங்கில் லிஹேரோ முழு பலத்தோடு எழுந்து வரும். கலவை வகுத்தவர் என்ன நினைத்தார் என்பது அங்கேதான் தெளிவாகும். போதும் என்றானபின் சாம்பல் கிண்ணத்தில் குத்தி நசுக்காதீர்கள். வைத்துவிட்டால் தானே அணையும், நசுக்கினால் நாற்றம்.

பைப் புகைப்பவர்களின் இன்பம் கொஞ்சம் வேறு. மத்தியதரைக் கடலோரத்துப் பிரையர் வேர்முண்டில் குடைந்த கிண்ணத்தில், விறகுப் புகை ஏற்றிய லட்டாக்கியா இலையையோ இனிப்பான விர்ஜீனியாவையோ அவர்களே அடைத்து, இறுக்கம் பார்த்துக்கொள்கிறார்கள். சுருட்டில் இன்னொருவர் செய்துவைத்த வேலையைப் பைப்பில் நாமே செய்கிறோம். எனக்கு இன்னொருவரின் கைதான் பிடித்திருக்கிறது.

சாம்பலைப் பார்க்காமல் தட்டிவிடுவது நல்லதைத் தவறவிடுவது. நீள இலையில் செய்த சுருட்டின் சாம்பல் அடுக்கடுக்காக, உதிராமல் நிற்கும். சாம்பலை வைத்தே சுருட்டைச் சொல்லிவிட முடியும் என்று ஷெர்லக் ஹோம்ஸ் பெருமைப்படுவது 1887இல் வெளிவந்த முதல் கதையிலேயே இருக்கிறது. கருத்து, செதில் செதிலாக உதிர்ந்த சாம்பலைப் பார்த்துவிட்டு அவர் அடையாளம் சொல்வது நம் திருச்சிராப்பள்ளிச் சுருட்டை. அன்று லண்டன் வாசகருக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லாதிருந்தது. உறையூரில் சுருட்டிய திருச்சிச் சுருட்டுக்கு ஹவானாவின் தொப்பி கிடையாது. இரண்டு முனையும் திறந்தது, நெடி கூடியது, முரட்டுத்தனத்தை மறைக்காதது. அதைத் தாழ்வாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை. அதன் அழகு வேறு இனம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புகையை உள்ளே வாங்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் இது கேடுதான், புற்றுநோய் வரலாம். லான்செரோ என்னும் நீண்ட ஒல்லிச் சுருட்டு இல்லாமல் படம் பிடிக்க முடியாதவராக இருந்த ஃபிடல் காஸ்ட்ரோவே 1985இல், நாட்டு மக்களைப் புகையிலையிலிருந்து விலக்கும் இயக்கத்துக்காகத் தம் சுருட்டை விட்டுவிட்டார். இந்த ரசனைக்குள் வராதவர்களை வா என்று நான் அழைக்க மாட்டேன். ஏற்கெனவே வந்தவர்களிடம் சொல்வது: அரிதாகப் புகையுங்கள், நல்லதை மட்டும் புகையுங்கள். தினப்பழக்கமாகிவிட்ட நாவுக்கு லிஹேரோவும் வொலாடோவும் ஒன்றுதான்.

அரிதாகப் புகைத்தால் பாதுகாக்க வேண்டியிருக்கும், நம் ஊரில் அது பெரிய வேலை. காற்றின் ஈரம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் இலை உயிரோடு இருக்கும். வெப்பம் ஏறினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிந்து, சுருட்டில் ஊசித்துளை விழும். சென்னைக் கோடையில் இது கற்பனை ஆபத்தில்லை. சுருட்டைப் பாதுகாக்கும் பெட்டிக்கு ஏற்ற மரம் ஸ்பானிஷ் சீடர். தாவரவியல்படி அது நம் வேம்பின் குடும்பம். அதன் மணமும் சுருட்டோடு ஒத்துப்போகும்.

எந்த அளவில் வாங்குவது? சுருட்டின் பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடுகிறார்கள். ரொபுஸ்டோ 50, பெயர்பெற்ற சர்ச்சில் அளவு 47. இப்போது 54க்கும் மேலே தடித்த சுருட்டுகளுக்குத்தான் கிராக்கி. எனக்கு அவற்றில் ஈடுபாடில்லை. தடிக்கத் தடிக்க உள்ளிலையின் அளவு பெருகி, மேலிலையின் மணம் அதில் கரைந்துபோகிறது. கைப்பிழையும் அந்தப் பருமனில் ஒளிந்துகொள்ளும். 192 மில்லிமீட்டர் நீளமும் 38 பருமனும் கொண்ட லான்செரோவில் ஒளிய இடமில்லை. பதினைந்து மில்லிமீட்டர் குறுக்களவுக்குள் லிஹேரோ நடுவில் நிற்க வேண்டும், மற்றவை சுற்றி வர வேண்டும், ஒரு சாண் நெடுக எங்கேயும் புகைவழி அடைபடக் கூடாது. ஒரு இலை முறுக்கிக்கொண்டாலும் முழுச் சுருட்டும் வீண். சுருட்டுபவர்களே அஞ்சுகிற வடிவங்களில் இது ஒன்று. நன்றாக அமைந்த லான்செரோவில் மேலிலை முதல் இழுப்பிலேயே முன்னால் வந்து பேசும். கடையில் ஒரே ஒரு சுருட்டு வாங்கப் பணம் இருந்தால், தடித்ததை வைத்துவிட்டு அதைத்தான் எடுப்பேன்.